டோர்ச் பிடித்த கை

அத்தியாயம் பதினொன்று

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே பாலசிங்கம் வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, முற்றத்துக்கு வந்துவிட்டார். பார்த்தவர்களுக்கு அவர் பொலிஸுக்குப் போகிறவர் போலத் தெரியாது, கலியாண வீட்டுப் பொன்னுருக்கலுக்குப் போகிறவர் போலத்தான் தெரியும். சட்டைப் பை மட்டும் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தது அவருடைய வான் வண்டியின் கியர்க் குமிழ்.

இந்தக் குமிழின் கதை தெரியாதவர் மாந்தைப் பக்கம் யாருமில்லை. வானை எங்கே நிறுத்தினாலும், கியர்த் தடியின் தலையில் இருக்கும் கறுப்புக் குமிழைத் திருகிக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் மனுஷன் இறங்குவார். குமிழ் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு மரை, பிடித்தால் உள்ளங்கையைக் கிழிக்கும். திருக்கேதீஸ்வரத்தில் விழுந்து கும்பிடும்போது ஒருமுறை அது பையிலிருந்து உருண்டுபோய் ஐயரின் காலடியில் நின்றதாம். யாரோ நேர்த்திக்கு வைத்த பொருள் என்று நினைத்து ஐயர் அதற்கும் விபூதி போட்டாராம். ஊரில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பத்தொன்பது வருஷத்து வான் அது. சாவித் துவாரம் தேய்ந்துபோய், அலுமாரிச் சாவியைப் போட்டாலும் திரும்பும். அதனால்தான் இத்தனை காவல். டவுனுக்குப் போனால் ஸ்டியரிங்குக்குச் சங்கிலியும் ஆமைப் பூட்டும். எந்த நாளும் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு ரகசியச் சுவிட்ச், அதைப் போடாவிட்டால் டீசல் ஏறாது. இதெல்லாவற்றுக்கும் மேலே கிளச். இந்தக் காலத்துப் பெடியள் கிளச் இல்லாத ஓட்டோ கார்தான் ஓடுவாங்கள், கிளச் வானில் ஏறினாலும் எடுக்கமாட்டாங்கள் என்பது அவருடைய நம்பிக்கை. டவுனில் நவ்ஷாத் என்று ஒருவர், அவருடைய புதுக் காருக்கு அலாரம் இருக்கிறது. கழுதை வந்து உரசினாலும் அது கத்தும், கத்திக் கத்தி இப்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதைச் சொல்லிப் பாலசிங்கம் சிரிப்பார்.

வெள்ளிக்கிழமையோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது. நடந்ததை மறந்தவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடலாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் நின்ற வானைக் காணவில்லை. கத்திக்கொண்டு ஓடினால், முந்நூறு யார் தூரம் தள்ளி, றோட்டு வளைவில், வாய்க்காலுக்குள் மூக்குக் குத்தி நிற்கிறது. உள்ளே ஆளில்லை. ரகசியச் சுவிட்ச் போட்டபடி இருந்தது.

அந்தச் சுவிட்ச் இருக்கும் இடம் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று பாலசிங்கம் அடித்துச் சொன்னார். ஒன்று அவர். மற்றது, மூன்று வருஷத்துக்கு முன் அதைப் பொருத்திப் பூட்டிக் கொடுத்த மெக்கானிக் டிலான்.

சொன்னதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாய்க்கால் கரையில் கூடிநின்ற சனத்துக்கு முன்னால், மலையிலிருந்து வந்த சனத்தை நம்பினதுக்குத் தன்னைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்றும் சொன்னார். டிலானின் தகப்பன் அழகையா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாலசிங்கத்தின் வயலில் அவர் வெட்டாத அறுவடை குறைவு. டிலான் பிறந்ததே மன்னார் ஆஸ்பத்திரியில்தான்.

அன்று பின்னேரமே பொலிஸில் முறைப்பாடு கொடுத்து என்ட்றி போட்டாயிற்று. பொலிஸ்காரர் ட்ரக்டர் கட்டி இழுத்து வானைத் தங்கள் வளவுக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை டிலானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், திங்கட்கிழமை இரண்டு பகுதியும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் திரும்பி வருவதற்குள் நாலு பேர் அவனுடைய கராஜுக்குப் போய், திருத்தக் கொடுத்த மோட்டார் சைக்கிள்களை அரைகுறையாய்த் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது பாலசிங்கத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

மகள் நிவேதிகா தேத்தண்ணி கொண்டுவந்து இடக்கையால் நீட்டினாள். இது என்ன பழக்கம் என்று பாலசிங்கம் முறைத்தார். அப்போதுதான் அவளுடைய வலது உள்ளங்கையில் பிளாஸ்டர் ஒட்டியிருப்பதைக் கண்டார். அவள் வாய் திறக்கமுன், குசினிக்குள்ளிருந்து தாய் வசந்தமலரின் குரல் வந்தது, தேங்காய் திருவேக்கை திருவலை வெட்டிப்போட்டுது என்று.

நிவேதிகாவுக்கு இருபத்துநாலு வயது. போன வருஷம் லைசன்ஸ் எடுத்தாள், ஓட்டோ வாகனத்துக்கு மட்டும். மன்னாரில் ஊரூராய்ப் போய்க் கண் பரிசோதிக்கும் ஒரு நடமாடும் கிளினிக்குக்குச் சாரதி வேண்டும் என்று விளம்பரம் வந்ததிலிருந்து அவளுக்கு அதே நினைவு. வியாழக்கிழமை இன்டர்வியூ. அந்த வாகனம் கிளச் வாகனம். பழக்கித் தாங்கோ, பழகினால் லைசன்ஸையும் மாற்றலாம் என்று மூன்று மாதமாய்த் தகப்பனைக் கெஞ்சினாள். பொம்பிளைப் பிள்ளைக்கு ஓட்டோவே காணும், கிளச் வேண்டாம் என்று அவர் மூன்று மாதமும் ஒரே பதிலைச் சொன்னார்.

"அப்பா, நானும் வரட்டோ? ஒரு விசயம் சொல்லோணும்."

"பொலிஸில உனக்கென்ன அலுவல்? வந்து கேக்கிறன்."

சொல்லிக்கொண்டே படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

பொலிஸ் நிலைய விறாந்தையில் வாங்குப் பலகையில் டிலானும் அழகையாவும் இருந்தார்கள். பாலசிங்கத்தைக் கண்டதும் அழகையா எழும்பித் தோள் துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். டிலான் எழும்பவில்லை. ஆறடிப் பெடியன், முழங்கால் இரண்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்க, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

சார்ஜன் சிங்கராசா நிதானமான ஆள். கண்ட சாட்சி ஒன்றும் இல்லை, சுவிட்ச் தெரியும் என்பதை மட்டும் வைத்து ஒருவனைக் கள்ளன் ஆக்கேலாது என்று பாலசிங்கத்துக்கு விளங்கப்படுத்தினார். இடையில் ஜீப் ஒன்று வந்து ஹோர்ன் அடித்தது. வளவு வாசலை மறித்துக்கொண்டு நின்றது வான்தான். சார்ஜன் சாவியை எடுத்து டிலானிடம் நீட்டினார்.

"நீர் மெக்கானிக்தானே. எடுத்து அங்கால விடும்."

கள்ளனிடமே சாவியைக் கொடுக்கிறீர்களோ என்று பாலசிங்கம் குறுக்கே விழுந்தார். சார்ஜன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குமிழைக் கேட்பதற்கு டிலான் ஒருகணம் திரும்பினான். பாலசிங்கத்தின் கை தானாகவே சட்டைப் பையைப் பொத்தியது. அதைப் பார்த்துவிட்டு அவன் ஒன்றும் கேட்காமல், காற்சட்டைப் பையிலிருந்த எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினான். பின்னாலேயே பாலசிங்கமும் போனார், இன்னும் எதையாவது களவெடுத்துவிடுவான் என்ற மாதிரி.

டிலான் கதவைத் திறந்து ஏறப் பார்த்தான். ஏற முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்து நின்றது. சீட் முழுக்க முன்னுக்கு இழுத்து விடப்பட்டிருந்தது, யாரோ கட்டையான ஒரு ஆளுக்குக் கால் எட்டுவதற்காக.

பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாய் அவன் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். சீட்டைப் பார்த்தான். துணி சுற்றாத கியர்த் தடியைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிப் பாலசிங்கத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

டிலான் குனிந்து, சீட்டுக்குக் கீழே இருந்த இரும்பைத் தூக்கி, சீட்டைப் பின்னுக்குத் தள்ளினான். 'டக்' என்றது. ஜீப்பில் இருந்தவர்களோ விறாந்தையில் நின்ற சார்ஜனோ அதைக் கவனிக்கவில்லை. துணியைத் தடியில் சுற்றினான், சுவிட்சைப் போட்டான், ஸ்டார்ட் செய்து பின்னுக்கு எடுத்தான். ஒரு உலுக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. பாலசிங்கம் தவிர வேறு யார் ஓடினாலும் அடம்பிடிக்கும் வான், அவன் சொன்னபடி கேட்டு வேலியோரமாய்ப் போய் நின்றது.

இப்படி ஓடுகிறவன் எடுத்த வானா முந்நூறு யார் தூரத்தில் வாய்க்காலுக்குள் போயிருக்கும்?

பாலசிங்கத்துக்கு மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. டிலான் மல்லாக்கப் படுத்து டாஷ்போர்டுக்குக் கீழே வயர் பூட்டிக்கொண்டிருந்தான். உள்ளே இருட்டு. "இன்னும் கிட்டப் பிடிங்க தங்கச்சி" என்றான். தங்கச்சி டோர்ச்சைக் கிட்டப் பிடித்தாள்.

அன்று வானுக்குள் இருந்தது மூன்று பேர். பொலிஸில் அவர் சத்தியம் பண்ணாத குறையாய்ச் சொன்னது இரண்டு பேர். வேண்டுமென்று மறைக்கவில்லை. கள்ளனுக்குக் காவல் போடுகிறவன் வீட்டாரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். மகளை அவர் எண்ணவே இல்லை.

திருவலை உள்ளங்கையை வெட்டுமா? விரலைத்தான் வெட்டும். உள்ளங்கையைக் கிழித்தது குமிழில்லாத தடி. வசந்தமலர் ஏன் அவ்வளவு அவசரமாய்ப் பதில் சொன்னாள் என்பதும் இப்போது விளங்கியது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஊரெல்லாம் கள்ளனைத் தேடின மனுஷனுக்கு மட்டும்தான் தெரியாமல் போயிருக்கிறது.

நிலம் பிளந்து உள்ளே எடுத்தால் நல்லது என்று இருந்தது அவருக்கு. நிலம் பிளக்கவில்லை. சார்ஜன் உள்ளே வரும்படி கை காட்டினார்.

இந்த இடத்தில் பாலசிங்கம் ஒரு ஆம்பிளையாய் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. உள்ளே போய்க் கதிரையில் இருந்ததும், இந்த அலுவலைச் சமாதானமாய் முடித்துவிடுவோம், பெடியன் பிழைத்துப் போகட்டும், என்ட்றியைத் திருப்பி எடுக்கிறேன் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். வியாழக்கிழமை இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளையின் பேர் பொலிஸ் புத்தகத்தில் ஏறக்கூடாது. அவருடைய மூளை அந்த ஒரு வழியைத்தான் காட்டியது.

சார்ஜனுக்கும் அது வசதிதான். விறுவிறென்று எழுதி இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினார். முறைப்பாட்டுக்காரர் எதிராளியை மன்னித்து முறைப்பாட்டை மீளப் பெறுகிறார் என்று இருந்தது. பாலசிங்கம் கையெழுத்து வைத்தார். பேனையை டிலானிடம் தள்ளினார்கள். அவன் தொடவில்லை.

"நான் வைக்கமாட்டேன் சேர்."

"ஏன்காணும்? வழக்கில்லை, ஒண்டுமில்லை. வைச்சிட்டு வீட்டை போம்."

"மன்னிச்சாருன்னு எழுதியிருக்கு. நான் எடுத்தாத்தானே சேர் அவரு மன்னிக்க?"

அப்படியென்றால் யார் எடுத்தது, உனக்கு ஏதாவது தெரியுமா என்று சார்ஜன் கேட்டார். டிலான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, தனக்குத் தெரியாது என்றான்.

தெரியும். அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அவன் பேரில் உள்ள கறை போய்விடும், மோட்டார் சைக்கிள்கள் திரும்பி வரும். ஆனாலும் சொல்லவில்லை. பாலசிங்கம் தன் கையெழுத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாய் வைத்த கையெழுத்து அன்றைக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

யோசித்துச் சொல்லுங்கோ என்று சார்ஜன் தேத்தண்ணிக்கு எழும்பிப் போனார். பாலசிங்கமும் முகம் கழுவுகிற சாட்டில் வெளியே குழாயடிக்குப் போனார். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் அழகையா. துவாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஐயா, பய புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. கையெழுத்து வைக்கச் சொல்லி நான் சொல்றேன்."

"அழகையா, அவன் எடுக்கேல்ல எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியாதுங்க. எடுத்தியான்னு நானும் கேட்டுப்புட்டேன். ரெண்டு நாளா எங்கூடப் பேசுறதுமில்லை, எங்க வீட்டுச் சோத்தைத் தொடுறதுமில்லை."

தண்ணீர் குழாயிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. மூடவேண்டும் என்று பாலசிங்கத்துக்குத் தோன்றவில்லை. ஊருக்கு முன்னால் ஒரு பேச்சுப் பேசியது மட்டும்தான் தன் பிழை என்று அதுவரை நினைத்திருந்தார். பெற்ற தகப்பனே பிள்ளையைப் பார்த்து நீ கள்ளனா என்று கேட்கிற அளவுக்கு அந்தப் பேச்சு இன்னொரு வீட்டுக்குள் போய்க் குந்தியிருக்கிறது. தன் மகளுடைய பேரைக் காப்பாற்ற அவர் வழி தேடிக்கொண்டிருக்க, அழகையா தன் மகனுடைய பேரைத் தானே கொண்டுவந்து அவர் காலடியில் வைக்கிறார்.

உள்ளே போனார், பின்னால் அழகையாவும் வந்தார். சார்ஜன் திரும்பி வரும்வரை கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

"சேர், அந்தக் கடதாசியைக் கிழியுங்கோ. வானை எடுத்தது என்ர மகள்."

சார்ஜன் பேனையை எடுத்தார். மகள் எடுத்ததைக் கண்டீர்களோ என்று கேட்டார். காணவில்லை, ஆனால் தெரியும் என்றார் பாலசிங்கம். சீட்டைப் பற்றியும், டோர்ச்சைப் பற்றியும், கையில் இருந்த பிளாஸ்டரைப் பற்றியும் ஒவ்வொன்றாய்ச் சொன்னார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி டிலான் மறைத்ததையும் சொன்னார். டிலான் நிமிரவில்லை. அழகையாதான் மகனைப் பார்த்தார், பார்த்துவிட்டு வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு அழுதார்.

மகளிடம் லைசன்ஸ் இருக்கிறதா என்று சார்ஜன் கேட்டார்.

"ஓட்டோவுக்கு மட்டும்."

சார்ஜன் அதையும் எழுதினார். எழுதிய வரியின் கீழே ஒரு கோடு போட்டார். டிலானைப் போகலாம் என்றார், அவன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று புத்தகத்தில் எழுதி, அதை அவனுக்கு வாசித்தும் காட்டினார்.

பாலசிங்கம் ஓட்டமும் நடையுமாய் வெளியே வந்தபோது தகப்பனும் மகனும் வாசலைத் தாண்டிப் பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டார்கள். பிறந்த நாளிலிருந்து அவர் 'நீ' என்று கூப்பிட்ட பெடியன். இப்போது அந்த 'நீ' வாயில் வரவில்லை.

"தம்பி, வாங்கோ. வானில ஏறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்."

"வேணாங்க. உங்க வான்ல போய் இறங்கினா, மன்னிச்சுக் கூட்டிட்டு வந்தாருன்னுதான் ஊர் சொல்லும்."

"நான் சொல்லிப்போட்டன்தானே. உள்ளுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன்."

"உள்ளுக்கு நாலு பேருங்க." டிலான் அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தான். "நீங்க என்னைச் சொன்னது வாய்க்கால் கரையில. அங்க வந்து சொல்லுங்க."

பஸ் வந்து நின்றது. முன் கதவால் இறங்கியது நிவேதிகா. மடித்து அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை, தோளில் பை, முகம் பேயறைந்தது போல. டிலான் ஏறுமுன் ஒருகணம் அவளுக்குப் பக்கத்தில் நின்று, ஏதோ ஒரு வசனம் சொல்லிவிட்டு ஏறினான். பஸ் இரைச்சலில் அது பாலசிங்கத்துக்குக் கேட்கவில்லை.

"நான் சொல்லத்தான் வந்தனான் அப்பா" என்றாள். வெள்ளிக்கிழமையே சொல்ல வந்ததாகவும், வாய்க்கால் கரையில் அவர் பேசிய பேச்சைக் கேட்டதும் நா எழவில்லை என்றும், சனிக்கிழமை டிலானைக் கூட்டிப்போனதிலிருந்து நித்திரை கொள்ளவில்லை என்றும் அழுதழுது சொன்னாள்.

"இப்ப டிலான் என்ன சொன்னவர்?"

'சொன்னவன்' என்று வரவேண்டிய இடத்தில் 'சொன்னவர்' என்று வந்ததை நிவேதிகா கவனித்தாள்.

"கிளச்சைக் கெதியா விட்டிட்டனாம். மெல்ல விடோணுமாம். வேறொண்டும் சொல்லேல்ல."

மூன்று மாதமாய்த் தகப்பனிடம் அவள் கேட்டு நின்றது அந்தப் பாடத்தைத்தான். பாலசிங்கம் பைக்குள் கையை விட்டுக் குமிழை இறுக்கிப் பிடித்தார். எடுத்து அவளிடம் கொடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் கூச்சமாக இருந்தது.

ஜன்னலால் சார்ஜனின் குரல் வந்தது. மகளை உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ, லைசன்ஸையும் கொண்டுவரட்டும்.

நிவேதிகா பிளாஸ்டர் ஒட்டிய கையால் பையைத் திறந்துகொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் போன பாலசிங்கம், வெள்ளிக்கிழமை வாய்க்கால் கரையில் யார் யார் நின்றார்கள் என்று ஒவ்வொரு முகமாய் எண்ணிக்கொண்டு போனார். கணக்கில் பதினேழு பேர் வந்தார்கள். விறாந்தைப் படியில் கால் வைத்தபோது நினைவு வந்து, மகளையும் சேர்த்துப் பதினெட்டு என்று திருத்திக்கொண்டார்.